முக்கால்வாசி முடிந்தது

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் எனக்கு ‘கலர் பென்சில் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட மாட்டார்கள். நான் முதுகைத் திருப்பிய பிறகுதான். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் மெஷின் செய்து நிறுவிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே ப்ராக்ரஸ் செக்‌ஷன் என்று ஒன்று உண்டு. அந்த செக்‌ஷன்காரர்கள் மெஷின் செய்வதும் இல்லை, பூட்டுவதும் இல்லை. செய்கிறவனிடமும் பூட்டுகிறவனிடமும் போய் நின்று, எவ்வளவு முடிந்தது என்று கேட்க வேண்டும். கேட்டதை ஒரு பெரிய தாளில் நிறமடிக்க வேண்டும். இதற்குச் சம்பளமா என்று என் மச்சான் ஒருமுறை வாய்விட்டே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் அதுவரை ஒரே ஒரு எஞ்சின்தான். கூரைக்குக் கீழே நீளமாக ஓடிய இரும்புத் தண்டு ஒன்றை அது சுற்றும். தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி எல்லா மெஷின்களையும் ஓட்டும். எஞ்சின் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதை மாற்றி, ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி மோட்டார், ஒவ்வொன்றுக்கும் புதிதாக கான்கிரீட் மேடை, இலையை நறுக்கிச் சுருட்டும் புது மெஷின்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பேனல் போர்டு. இதுதான் வேலை. பனிக்காலத்தில் செடியில் இலை குறைவு என்பதால் அப்போது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கோடை மழை விழுந்து இலை பொங்குவதற்குள் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் பறித்த இலை சாக்கிலேயே கறுத்துப் போகும். அப்புறம் பறிப்பை நிறுத்துவார்கள், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு வேலை இருக்காது.

இத்தனைக்கும் பொறுப்பாக மலையேறியது நானும் என் சார்ட்டும்தான். தொழிற்சாலை ஆபீஸ் சுவரில் அதை ஒட்டினேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீளக் கட்டம். முடிந்த அளவுக்கு நீலம் தீட்டுவேன், தாமதமான இடத்தில் சிவப்பு. சனிக்கிழமை காலையில் டிரங்க் கால் போட்டுக் கம்பெனிக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் ம், ம் என்பார். ஊரில் மழையா என்றுகூடக் கேட்க மாட்டார்.

வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேட்டால், எல்லோரிடமும் ஒரே பதில்.

“முக்கால்வாசி முடிஞ்சுது சார்.”

மேஸ்திரியைக் கேட்டாலும் முக்கால்வாசி. மெஷின் பூட்டும் பிட்டரைக் கேட்டாலும் முக்கால்வாசி. குழி தோண்டுகிறவன் கடப்பாரையை அப்போதுதான் கையில் எடுத்திருப்பான், அவனுக்கும் முக்கால்வாசி. போன வாரம் முக்கால்வாசியாக இருந்தது இந்த வாரமும் முக்கால்வாசியாகவே இருக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறும். “அப்ப மீதிக் கால்வாசி எங்கீங்க போச்சு?” என்று கத்துவேன். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூட்டாத போல்ட்டைப் பார்ப்பார்கள். நான் அந்தப் பக்கம் போனதும், “எங்கீங்க போச்சு, எங்கீங்க போச்சு” என்று யாராவது என்னைப்போலவே பேசிக் காட்டுவார்கள். நான் பொள்ளாச்சிக்கு மேற்கே எருத்தேன்பதிக்காரன். எங்கள் பக்கத்துப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் போன தலைமுறையில் மலையேறியவர்கள் அவர்கள்.

வேடிக்கை பண்ணினால்கூடத் தேவலை. பல நாள் அதுவும் இருக்காது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. மேலே தொரை பங்களா, நடுவில் ஸ்டாப் குவார்ட்டர்ஸ், கீழே லயம். நான் எதிலும் சேர்த்தியில்லை. தொரை என்பது தோட்டத்து மேனேஜர். அவர் என்னைப் படிக்கு மேலே ஏற்ற மாட்டார். ஸ்டாப் ஆட்களுக்கு நான் காண்ட்ராக்ட் கம்பெனிக்காரன். லயத்துக்காரர்களுக்கு நான் சார். எனக்குத் தங்கக் கொடுத்தது பழைய உரக் கிடங்கை ஒட்டிய ஓர் அறை. கேன்டீனில் போய் உட்கார்ந்தால் என் பெஞ்சில் நான் மட்டும்தான் இருப்பேன். மூடுபனி இறங்கும் மாலைகளில் எதிர்ச் சரிவில் லயத்து அடுப்புப் புகையும் வெளிச்சமும் தெரியும். ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் வரும். நான் கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்கு யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுவேன். சில நாள் எழுதி முடித்த பிறகு வாய்விட்டுப் படிப்பேன், குரல் ஒன்று கேட்கட்டும் என்று. அழுகை வந்த நாட்களும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது ஒரே தங்கச்சி. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கு முதல் குழந்தை, பெண். காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான். ஒற்றைப்படை மாதத்தில் செய்ய வேண்டும் என்பதால் குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் நாள் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மோட்டார்கள் வந்து சேரவில்லை. நான் சார்ட்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன், தங்கச்சிக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டேன். தேதியைப் பதினோராம் மாதத்துக்குத் தள்ளினார்கள். அவள் மாமியார் கொஞ்சம் வாய்த்துடுக்கு. இனிமேல் ஒத்திப்போடுகிற பேச்சே இல்லை, வரவில்லையென்றால் வேறு ஆளை உட்கார வைப்போம் என்று சொல்லிவிட்டாராம். தங்கச்சி தன் கையெழுத்தில் இதை எழுதிவிட்டு, கடைசியில், ‘அண்ணா, எனக்கு உங்களை விட்டா ஆரு இருக்கறாங்க’ என்று எழுதியிருந்தாள்.

எனக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை. எனவே அந்தத் தேதிக்கு முன்னால் தொழிற்சாலை ஓடியாக வேண்டும் என்று முடிவு கட்டினேன். சோதனை ஓட்டம் முடிந்த மறுநாள் காது குத்து. ஓட்டம் முடிந்த அன்று மதியமே பஸ் பிடித்தால் மூணாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக இரவுக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். சார்ட்டில் காது குத்து நாளுக்கு நேராக ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். கான்கிரீட் வேலைக்குத் தலைவர் அவர்தான். தோட்டத்திலேயே பிறந்தவர், சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வீட்டுப் பையன் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையுடன் சர்ச்சுக்குப் போவார். ஒருநாள் டீ குடிக்க வந்தவர், சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது என்ன சார், இந்தப் பொட்டு? மத்ததெல்லாம் கட்டமா இருக்கு.”

சொல்லியிருக்க மாட்டேன். பல நாள் கழித்து ஒருவர் என்னிடம் வேலையைப் பற்றி இல்லாமல் வேறொன்றைக் கேட்கிறார். வாய் தானாகத் திறந்துவிட்டது. தங்கச்சியைப் பற்றி, குழந்தையைப் பற்றி, மாமியார் சொன்னதைப் பற்றி எல்லாம் கொட்டிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “தாய்மாமன் இல்லாம காது குத்தா? அது எப்படி சார்? எங்க புள்ளைகளுக்கு சர்ச்சுல ஞானஸ்நானம் குடுக்கோம், ஆனா காது குத்துன்னா மாமன் மடிதான். மாமன் பம்பாய்ல இருந்தாலும் வந்துதான் ஆகணும்.”

“வேலை முடியோணுமுங்களே மேஸ்திரி.”

“முடிஞ்சிரும் சார்,” என்றார். முக்கால்வாசி என்று சொல்லவில்லை. அதையே நான் பெரிய சமாசாரமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேனல் போர்டு ஏற்றி வந்த லாரி குமுளி செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டது. பெட்டி பெரியது, போடிமெட்டு வளைவுகளில் திரும்பாது என்று டிரைவர் கம்பம் வழியாக வந்திருந்தார். ஏதோ ஒரு தாள் குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். நான் போனேன். ஏலக்காய் மூட்டை வாசத்துக்கு நடுவே காத்துக் கிடந்தேன். நாளைக்கு வா என்றார்கள், ஒரு வாரம் தினமும் அதையே சொன்னார்கள். சும்மா நிற்கப் பிடிக்காமல் ஒரு பகலில் பஸ்ஸேறிக் கம்பத்துக்கு இறங்கினேன். அங்கே ஒரு கடையில் குழந்தைக்குச் சின்னஞ்சிறு தோடு ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். “என்ற தங்கச்சி புள்ளைக்கு, நாந்தானுங்க தாய்மாமன்,” என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

லாரியோடு நான் திரும்பி வந்தபோது தொழிற்சாலை ஆள் மாறிப்போனது மாதிரி இருந்தது. தரை கூட்டியிருந்தது. கடைசி கான்கிரீட் மேடை ஒன்று பாக்கி இருந்ததே, புது மெஷினுக்கானது, அதன்மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது.

“நீங்க கிளம்புன அன்னைக்கே ஊத்திட்டோம் சார்,” என்றார் மேஸ்திரி.

“அன்னைக்கே,” என்றான் பிட்டர்.

டீமேக்கர், அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பான ஸ்டாப், என்னோடு நின்று பேசவே மாட்டார். அவர்கூட ஆபீஸ் வாசலில் நின்று, “எல்லாம் டயத்துக்கு நடக்கு சார்,” என்றார்.

நான் நீலப் பென்சிலை எடுத்துக் கட்டத்தை நிரப்பினேன். அடுத்து வந்த நாட்களில் நீலம் தீட்டித் தீட்டிப் பென்சில் சிறுத்துப்போனது. எதைக் கேட்டாலும் முடிந்தது என்றார்கள். ஒரு முக்கால்வாசி கிடையாது. கேன்டீனில் யாரோ என் பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் என் சார்ட் வேலை செய்கிறது, இவர்களுக்கும் அது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சனிக்கிழமை போனில் அதைக் கொஞ்சம் ஓங்கின குரலிலேயே வாசித்தேன். தொரை பங்களாவிலிருந்து ஆள் வந்து சார்ட்டைப் பிரதி எடுத்துப் போனான். அதை வைத்து, சோதனை ஓட்டம் முடிந்ததும் திங்கட்கிழமை முதல் முழுப் பறிப்பு என்று தொரை உத்தரவு போட்டுவிட்டார்.

சோதனை ஓட்டத்தன்று காலையில் டிரங்குப் பெட்டியைப் பூட்டினேன். தோடு அதற்குள் இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தொழிற்சாலைக்குப் போனேன். மெஷின்களை மேடையில் ஏற்றி போல்ட் போட்டிருந்தார்கள். வாசலில் தேங்காயும் சூடமும் தயார். பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து மெஷினைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி மேடையருகே நின்று டீமேக்கருக்காகக் காத்திருந்தபோது கை சும்மா இருக்கவில்லை. சாவி முனையால் மேடை ஓரத்தைக் கீறினேன். இறுகிய கான்கிரீட்டில் சாவி வழுக்க வேண்டும், மிஞ்சினால் வெள்ளையாக ஒரு கோடு விழும். இது பள்ளமாக வாங்கியது. கரும்பச்சையாக, ஈரமாக, விரலில் ஒட்டியது. பனிக்காலத்து மலையில் கான்கிரீட் இறுகுவதற்குச் சமவெளியைவிட அதிக நாள் பிடிக்கும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நான் கிளம்பிய அன்று ஊற்றியிருந்தால் இப்படி இருக்க வழியே இல்லை.

“ஏனுங்க மேஸ்திரி, இதை எப்பங்க ஊத்துனீங்க?”

மேஸ்திரி சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே திரும்ப மடித்தார்.

“கேக்கறது காதுல உளுகுதுங்களா?”

பிட்டர்தான் முதலில் வாயைத் திறந்தான். “நீங்க வர்றதுக்கு மொத நாள் சார். மணல் வண்டி வரல. நாங்க என்ன செய்ய?”

“அப்பறம் எதுக்கு அன்னைக்கே ஊத்தினோம்னு சொன்னீங்க?”

மேஸ்திரி நிமிர்ந்தார். “உள்ளதைச் சொன்னா நீங்க செவப்பு போடுவீக. செவப்பு போட்டா ஊருக்குப் போக மாட்டீக. காது குத்துக்கு நீங்க போகணும்ல சார்? இன்னைக்குச் சும்மா ஒரு அஞ்சு நிமிசம் ஓட்டிக் காட்டிட்டு நிறுத்திருவோம். நீங்க பஸ் ஏறுனதும் மறுபடி சாக்கைப் போட்டு நல்லா ஊற வச்சு, இறுகுன பிறகு ஓட்டுவோம். யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சோம்.”

டீமேக்கர் வந்து பின்னால் நின்றிருந்தார். அவர் இருமினார். அவருக்கும் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேன்டீன்காரனுக்குத் தெரியும். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். என்னோடு ஒரு வாய் டீ குடிக்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து, நான் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அவர்களைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அறையவும் வேண்டும் போல இருந்தது. அம்மா போன பிறகு எனக்காக இப்படி யாரும் மெனக்கெட்டதில்லை. ஆனால் அந்த மெஷின் சுழலுகிற வேகத்தில் போல்ட் ஒன்று இளகிப் பிடுங்கிக்கொண்டு வந்தால், சுற்றி நின்றவர்களில் யார் தலையில் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும். இன்னொன்றும் இருந்தது. சார்ட் என்னுடையது, நீலமோ சிவப்போ அது என்னோடு போகும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் தொரை பறிப்புக்கு உத்தரவு போட்டார் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. நான் பஸ்ஸேறிப் போயிருந்தால் திங்கட்கிழமை மூட்டை மூட்டையாக இலை வந்து இறங்கும். இறுகாத மேடையில் மெஷினை ஓட்டு என்று மேலே இருந்து விரட்டுவார்கள். மேஸ்திரியால் முடியாது என்று சொல்ல முடியுமா?

“ஆரும் சுவிட்சைத் தொடக் கூடாது,” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். தீட்டிய நீலத்தின் மேலேயே கோடு போட்டேன்.

தொரையிடம் நானே போய்ச் சொன்னேன். அன்றைக்கும் படிக்குக் கீழேதான் நின்றேன். பறிப்பை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, பொய் சொன்னவன் யார் என்று கேட்டார். ஒருவரா இருவரா, யாரென்று சொல்வது? ஆனால் ஊற்றியது மேஸ்திரி என்பது அவருக்கே தெரியும். அவனை இன்றைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொல்கிறேன் என்றார். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மேஸ்திரிக்கு இந்த மலையைத் தவிர வேறு ஊரே கிடையாது.

“நான் பார்த்துக்கறனுங்க. மேடை இறுகி மெஷின் ஓடற வரைக்கும் நான் இங்கியேதான் இருப்பன். அவரையே வெச்சு முடிச்சுத் தர்றனுங்க,” என்றேன்.

தொரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒருநாள் இந்த இடத்தை விட்டு நகர்ந்தாலும் அவன் வெளியே,” என்றார்.

மதியம் பஸ் போகிற சத்தம் கேட்டது. தங்கச்சிக்குத் தந்தி கொடுக்க ஆளை அனுப்பினேன். அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலையில், ஊரில் முகூர்த்த நேரம் எதுவோ அந்த நேரத்தில், நான் மேடைமேல் போட்ட சாக்குக்கு வாளியிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை இல்லை, அதற்குத் தனியாக ஆள் உண்டு. ஆனால் சும்மா நிற்க முடியவில்லை. இந்நேரம் மொட்டையடித்து முடிந்திருக்கும், இந்நேரம் ஆசாரி உட்கார்ந்திருப்பார், இந்நேரம் குழந்தையை யார் மடியிலோ... அதற்குமேல் நினைக்க முடியவில்லை. மேஸ்திரி தூரத்தில் சுவரோரமாக நின்றார். கிட்ட வந்து வாளியை வாங்கலாம் என்று ஓரடி வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். நானும் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் தொழிற்சாலையில் எனக்கு உண்மை மட்டும்தான் கிடைத்தது. “எவ்வளவு முடிஞ்சுதுங்க?” என்று கேட்டால், “போல்ட்டு நாலு பாக்கி சார்,” என்பார்கள். “கேபிள் இழுக்கல சார்.” அவ்வளவுதான். ப்ராக்ரஸ் செக்‌ஷனில் இருக்கிற எவனும் ஆசைப்படுகிற பதில்கள். யாரும் என்னைப்போலப் பேசிக் காட்டவில்லை. கேன்டீனில் என் பெஞ்சு மறுபடியும் காலியாகிவிட்டது. கோபத்தால் இல்லை, கூச்சத்தால். மேஸ்திரியின் மனைவி ஒருமுறை வழியில் எதிர்ப்பட்டவள், தலையைக் குனிந்துகொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். முன்னால் எனக்கு இருந்தது தனிமை என்றால், இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மேடை இறுகியது. மெஷின் ஓடியது. பேனல் போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒரு போல்ட்கூட அசையவில்லை. மறுநாள் நான் ஊருக்குப் பஸ்ஸேறினேன்.

தங்கச்சி வாசலில் நின்றாள். “வாங்ண்ணா,” என்றாள். முகம் சிரித்தபடியேதான் இருந்தது. குழந்தையின் மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. இரண்டு காதிலும் தோடு மின்னியது. காதுமடல் ஆறிக் காய்ந்துவிட்டிருந்தது.

“ஆரு மடில உக்கார வெச்சீங்க அம்மணி?”

“எங்க ஊட்டுக்காரரோட பெரியப்பா ஊட்டு மாப்பளை ஒருத்தரு. எனக்கு அண்ணன் மொறை ஆவுதாமா.” பிறகு, “அதெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்ண்ணா, நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க,” என்றாள்.

நான் கம்பத்தில் வாங்கிய தோட்டைக் கொடுத்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்லி, பெரியவளானதும் போட்டுக்கொள்வாள் என்று பெட்டியில் வைத்தாள். அவள் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று எழுதினவள்தானே. அதற்குப் பிறகு அவள் அப்படி எழுதவே இல்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி வீறிட்டு அழுதது. யாரோ ஒரு புது ஆள். தங்கச்சி வந்து எடுத்துக்கொள்ளும் வரைக்கும் நிறுத்தவில்லை.

தொழிற்சாலையை முழுக்க ஒப்படைக்க இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. மலைக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், மேஸ்திரி அங்கே நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. என் பெட்டியை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தோம். மனிதர் இளைத்துப் போயிருந்தார்.

“சார்,” என்றார் கடைசியில். “புள்ளைய யார் மடியில வச்சாக?”

அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு உண்மையான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சாகும்வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு திரிய நான் ஒருவன் போதும் என்று தோன்றியது.

“தந்தி பாத்ததும் எனக்காக நிறுத்தி வெச்சுட்டாங்க மேஸ்திரி. நான் போன பொறகுதான் குத்துனாங்க. என்ற மடியிலதான்.”

அவர் நின்றுவிட்டார். பெட்டியைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆண்டவருக்குத் தோத்திரம்,” என்றார். அதற்கப்புறம் அவர் கால் தரையில் பாவவில்லை. எனக்கு முன்னால் ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நான் தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது பிட்டர், டீமேக்கர், கேன்டீன்காரன், இலை கொட்டும் பெண்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் பெஞ்சில் இடமே இல்லை, இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேஸ்திரியின் மனைவி ஒரு தூக்குச் சட்டியில் பணியாரம் கொண்டுவந்தாள். “எங்கீங்க போச்சு கால்வாசி?” என்று பிட்டர் என் முகத்துக்கு நேரேயே பேசிக் காட்டினான். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தான். இப்போது எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இங்கிருந்து எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

மேஸ்திரியின் மனைவி பணியாரத்தை என் கையில் வைத்தபடி கேட்டாள். “குத்தும்போது புள்ள அழுதுச்சா சார்?”

“அழுதுச்சுங்க,” என்றேன். “என்ற மடில உக்காந்து நல்லா அழுதுச்சு.”

அதில் பொய் எதுவும் இல்லை.